இறுக்கிய போல்ட்டின் கணினி மாதிரி

இரண்டு தகடுகளுக்குள் போல்ட்டைச் செருகி நட்டை முறுக்கும்போது போல்ட் நீள்கிறது, தகடுகள் நசுங்குகின்றன. இரண்டுமே ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் மாற்றங்கள்தாம். நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. நசுங்கிய தகடுகள் விரியப் பார்க்கின்றன. இந்த இழுபறியில் இணைப்புக்குள் தங்கிவிடும் விசைக்கு முன்னிறுக்கம் என்று பெயர். வெளிச்சுமை வந்து சேருமுன்பே அது அங்கே இருக்கிறது. சுமை வந்த பிறகு இணைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. எஞ்சினோ, கொதிகலனோ, காற்றாலைக் கோபுரமோ, எதைக் கணினியில் பகுத்தாய்ந்தாலும் இந்த உள்விசையை மாதிரிக்குள் சரியாகக் கொண்டுவராவிட்டால் மற்றக் கணக்குகளின் நுணுக்கத்துக்குப் பயனில்லை.

முடிவுறு கூறு முறையில் ஒரு பொருள் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. கூறுகள் சந்திக்கும் கணுக்கள் எவ்வளவு நகர்கின்றன என்பதை மென்பொருள் முதலில் கண்டுபிடிக்கிறது. அந்த நகர்விலிருந்து திரிபையும், திரிபிலிருந்து தகைவையும் கணக்கிடுகிறது. சுமையை இரட்டித்தால் நகர்வும் இரட்டிக்கும் எளிய கட்டமைப்புக்கு இந்த வழி சுலபம். போல்ட் இணைப்பு அந்த வகையில் சேராது. தகடுகள் ஒன்றையொன்று அழுத்தலாம், ஆனால் இழுக்க முடியாது. ஓர் அளவைத் தாண்டினால் விலகிவிடும். உராய்வு ஓர் எல்லைவரை பிடித்து வைத்திருந்துவிட்டுப் பிறகு வழுக்கவிடும். இவற்றோடு, கணக்கு தொடங்கும்போதே உள்ளே விசை இருக்க வேண்டும். இத்தனையையும் பார்த்து மலைக்கும் புதிய பொறியாளர் போல்ட்டின் மரையை ஒவ்வொரு வரியாக வரைவதில் இறங்கிவிடுவதுண்டு. மரை கடைசியில் கவனிக்க வேண்டிய விஷயம். வெளிச்சுமையைப் போல்ட்டும் தகடுகளும் எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை மாதிரி முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டின் விறைப்பும் சரியாக இருக்க வேண்டும்.

ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். எம்16 அளவு, 10.9 தரம். தரத்தின் முதல் எண் இழுவலிமை 1000 மெகா பாஸ்கல் என்பதையும், இரண்டாவது எண் அதில் 0.9 பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீளாது என்பதையும் குறிக்கின்றன. மரைப் பகுதியில் தகைவைக் கணக்கிடப் பயன்படும் பரப்பு 157 சதுர மி.மீ. ஐரோப்பியக் கட்டுமானத் தரநிலை இழுவலிமையில் 0.7 பங்கை முன்னிறுக்கத்துக்கு அளவாக வைக்கிறது. அதன்படி இந்தப் போல்ட்டுக்கு 110 கிலோ நியூட்டன், அதாவது 11 டன்னுக்குச் சற்று மேல். கை விரலைவிடச் சிறிதே தடித்த எஃகுத் தண்டு ஒன்று பல கார்களின் எடையை எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் போல்ட் 20 மி.மீ. தடிப்புள்ள இரண்டு எஃகுத் தகடுகளைப் பிடித்திருப்பதாகக் கொள்ளலாம். பிடிக்கப்பட்ட நீளம் 40 மி.மீ.; அதில் 25 மி.மீ. வழவழப்பான தண்டு, 15 மி.மீ. மரை. தண்டின் முழுப் பரப்பு 201 சதுர மி.மீ. என்பதால் பரப்பை யங் குணகத்தால் பெருக்கி 40ஆல் வகுத்தால் விறைப்பு மி.மீ.க்கு ஏறக்குறைய 1056 கிலோ நியூட்டன் என்று வரும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான போல்ட் இவ்வளவு விறைப்பாக இல்லை. மரை வெட்டிய பகுதியில் அடிவிட்டப் பரப்பு 144 சதுர மி.மீ. மட்டுமே. தலையும் சிறிதளவு வளைந்து கொடுக்கிறது. நட்டுக்குள் புகுந்த மரையும் நீள்கிறது. மரைப் பற்களும் நட்டும் கொஞ்சம் இளகுகின்றன. ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2230 நெறிமுறை இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடுதல் நீளத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது: தலைக்கு விட்டத்தில் பாதி, நட்டுக்குள் இருக்கும் மரைக்கு இன்னொரு பாதி, நட்டுக்கு விட்டத்தில் 0.4 பங்கு. எல்லாவற்றையும் சேர்த்தால் விறைப்பு மி.மீ.க்கு 590 கிலோ நியூட்டனுக்கு இறங்குகிறது. 110 கிலோ நியூட்டனில் இந்தப் போல்ட் 0.186 மி.மீ. நீளும்.

தகடுகளின் விறைப்பைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். போல்ட்டின் அழுத்தம் தலைக்கு அடியில் குறுகித் தொடங்கி, ஆழம் செல்லச் செல்லப் பரவுகிறது. தகட்டின் எந்தப் பகுதி அழுத்தம் தாங்குகிறது, எது சும்மா இருக்கிறது என்பதற்குத் தெளிவான எல்லைக்கோடு கிடையாது. பொறியாளர் ரோட்ஷர் 1927இல் இதை ஒரு கூம்பாகக் கற்பனை செய்து காட்டினார். பாடநூல்களில் இன்றும் அந்தக் கூம்பு, பெரும்பாலும் 30 பாகை அரைக்கோணத்தோடு, இருக்கிறது. எடுத்துக்கொண்ட இணைப்பில், 24 மி.மீ. அகலமுள்ள தலைக்கு அடியில் தொடங்கும் கூம்பு, தகடுகள் சந்திக்கும் இடத்தில் சுமார் 47 மி.மீ. விட்டத்துக்கு விரிகிறது. 1991இல் வைல்மன், சௌத்ரி, கிரீன் மூவரும் முடிவுறு கூறு முறையிலேயே பல அளவுகளை ஆராய்ந்து, கூம்பு இல்லாமலே விறைப்பைத் தரும் ஓர் எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். எஃகுத் தகடுகளுக்கான அவர்களுடைய எண்களைப் போட்டால் இந்த இணைப்பில் தகடுகளின் விறைப்பு மி.மீ.க்கு 3400 கிலோ நியூட்டன் என வருகிறது. போல்ட்டைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. போல்ட் 0.186 மி.மீ. நீளும்போது தகடுகள் 0.032 மி.மீ. மட்டுமே நசுங்குகின்றன.

இணைப்பைப் பிரிக்கப் பார்க்கும் வெளிச்சுமை போல்ட்டுக்கும் தகடுகளுக்கும் இடையே விறைப்பின் விகிதத்தில் பிரிகிறது. 590ஐ 590, 3400 இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.148. சுமை தலைக்கும் நட்டுக்கும் நேர் அடியில் வந்து இறங்கினால், அதில் சுமார் 15 விழுக்காடு போல்ட்டில் கூடுதல் இழுவிசையாகச் சேரும். மீதி 85 விழுக்காடு தகடுகளின் அழுத்தத்தைக் குறைப்பதில் செலவாகும். 40 கிலோ நியூட்டன் சுமை வந்து போனால் போல்ட் உணர்வது 6 கிலோ நியூட்டனுக்கும் குறைவு. சுமை 129 கிலோ நியூட்டனைத் தொடும்போது தகடுகள் பிரிந்துவிடும். அதன் பிறகு கூடுகிற ஒவ்வொரு நியூட்டனும் முழுதாகப் போல்ட்டின் மேல் விழும். முறுக்கிய போல்ட் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதன் காரணமும், தளர்ந்த போல்ட் சில நாட்களில் ஒடிவதன் காரணமும் இந்தக் கணக்கில் இருக்கின்றன. மாதிரியில் தவறாக 1056 என்ற விறைப்பைக் கொடுத்திருந்தால் போல்ட்டின் பங்கு 24 விழுக்காடு என்று வந்திருக்கும். நடப்பில் சுமை தலைக்கு அடியில் இறங்காமல் தகடுகளின் உள்ளே எங்கோ இறங்குவதால் போல்ட்டின் பங்கு இன்னும் குறையும். கைக்கணக்கில் இதற்கு ஒரு திருத்தக் காரணியைத் தேடி எடுக்க வேண்டும். தகடுகளை உள்ளபடி வரைந்த மாதிரியில் இது தானாகவே வந்துவிடுகிறது. கணினியை நாடுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வி.டி.ஐ. 2230 முதலில் 1977இல் வந்தது, ஒற்றைப் போல்ட்டுக்காக. பல போல்ட்டுகள் சேர்ந்த இணைப்புகளைப் பற்றிய அதன் இரண்டாம் பாகம் 2014இல் வெளியானது. மாதிரிகளை அது நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பில் போல்ட்டே இல்லை. இணைப்பை ஒரே துண்டு போல வைத்து, அந்த இடத்தின் வழியே பாயும் விசையையும் திருப்புத்திறனையும் படித்து, மீதியைக் கையால் கணக்கிடுவார்கள். தகடுகள் எங்குமே பிரியாது என்று உறுதியாகத் தெரிந்தால் இது போதும்.

இரண்டாம் வகுப்பில் போல்ட் ஒரு கோடு: பீம் கூறு அல்லது ஸ்பிரிங் கூறு. நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் உள்ள பெரிய கட்டமைப்புக்கு இதுவே நடைமுறை. அந்தக் கோட்டின் இரு முனைகளும் தகட்டின் பரப்போடு பிணைக்கப்பட வேண்டும். முனைக் கணுவிலிருந்து தலைக்கு அடியில் உள்ள கணுக்களுக்கு ஆரக்கால்களாகப் பரவும் இந்தப் பிணைப்பைப் பொறியாளர்கள் ஸ்பைடர் என்று சொல்வார்கள். இதில் இரண்டு விதம். கால்கள் முழு விறைப்புடையவையாக இருந்தால் துளையைச் சுற்றிய தகடு வளையவே முடியாமல் போய்விடும். விசையைப் பகிர்ந்து மட்டும் கொடுப்பவையாக இருந்தால் தகடு தன் இயல்பில் வளையும், ஆனால் தலை தரும் பிடிமானம் காணாமல் போகும். உண்மை இரண்டுக்கும் நடுவில். கோட்டுக்குக் கொடுக்கும் பரப்பிலும் கவனம் வேண்டும். 40 மி.மீ. நீளமுள்ள பீம் கூறு 590 என்ற விறைப்பைத் தர வேண்டுமானால் அதன் விட்டம் 16 மி.மீ. ஆக இருக்கக் கூடாது, 12 மி.மீ. ஆக இருக்க வேண்டும். படத்தில் உள்ள அளவை அப்படியே பீமுக்குக் கொடுப்பது மிகப் பரவலான பிழை. 12 மி.மீ. கொடுத்தால் வளைவுக்கு எதிரான விறைப்பும் சேர்ந்து குறைந்துவிடும்; அதற்குரிய எண்ணைத் தனியே தர வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் தலை, தண்டு, நட்டு மூன்றும் முப்பரிமாணத்தில் வருகின்றன, மரை மட்டும் வழவழப்பான உருளையாக. நட்டும் தண்டும் சந்திக்கும் பரப்பு ஒட்டப்பட்டுவிடும். மரைப் பகுதியின் உருளைக்குக் குறைந்த விட்டத்தைக் கொடுத்தால் விறைப்பு உண்மைக்கு நெருக்கமாக வரும். தலை வளைந்து கொடுப்பது தானாக வரும். பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த வகுப்பே தகுந்தது. நான்காம் வகுப்பில் மரையும் வரையப்படுகிறது. அதன் இடம் பின்னால் வரும்.

முன்னிறுக்கத்தை மாதிரிக்குள் செலுத்தும் பழைய உத்தி, போல்ட்டைக் குளிரவைப்பது. மென்பொருளில் தண்டுக்கு மட்டும் வெப்பநிலையைக் குறைத்தால் அது சுருங்கப் பார்க்கும், தகடுகள் தடுக்கும், இழுவிசை பிறக்கும். உத்தி சரியானதே, எண்தான் ஏமாற்றும். 110 கிலோ நியூட்டனுக்குப் போல்ட் 0.186 மி.மீ. நீள வேண்டும், எஃகு ஒரு பாகைக்கு மி.மீ.க்கு 0.000012 மி.மீ. சுருங்கும், ஆகவே 40 மி.மீ. தண்டை 388 பாகை குளிரவைக்கலாம் என்று கணக்குப் போட்டால், மாதிரியில் கிடைப்பது 94 கிலோ நியூட்டன் மட்டுமே. தகடுகள் நசுங்கி விட்டுக்கொடுத்த 0.032 மி.மீ. கணக்கில் வரவில்லை. அதையும் சேர்த்தால் 455 பாகை. எஃகு எந்தத் தட்பவெப்பத்திலும் காணாத குளிர் இது. கணினிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தகடுகளின் விறைப்பு முன்கூட்டித் தெரியாத சிக்கலான வடிவத்தில் ஒருமுறை ஓட்டி, வந்த விசையைப் பார்த்து, வெப்பநிலையைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

இன்றைய மென்பொருள்கள் இந்தச் சுற்றுவழியை மிச்சப்படுத்திவிட்டன. தண்டின் நடுவில் கற்பனையாக ஒரு வெட்டு. வெட்டின் இரு பக்கங்களையும் குறிப்பிட்ட விசை வரும்வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி மென்பொருள் இழுக்கிறது. நட்டு மரையில் ஏறுவதற்குச் சமமான செயல் இது. அபாகஸ் மென்பொருளில் இது முன்னிழுப்பு வெட்டு. ஒரு தனிக் கணு அதைக் கட்டுப்படுத்தும். அன்சிஸில் ப்ரெட்ஸ்179 என்ற தனிக் கூறு. வெட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு விதி: நட்டோடு ஒட்டிய பகுதியில் வைக்கக் கூடாது. அங்கே கணுக்கள் ஏற்கெனவே வேறு சமன்பாட்டால் கட்டப்பட்டிருக்கும். இரண்டு கட்டளைகள் ஒரே கணுவின் மேல் மோதும். தண்டின் திறந்த நடுப்பகுதியே பாதுகாப்பான இடம்.

இதற்கு அடுத்த படியில்தான் பெரிய தவறு நடக்கிறது. முதல் கட்டத்தில் 110 கிலோ நியூட்டன் செலுத்தப்பட்டதும், இரண்டாம் கட்டத்தில் அந்த வெட்டு அப்போதைய நீளத்தில் பூட்டப்பட வேண்டும். பூட்டிய பிறகே வெளிச்சுமை. பூட்டாமல் விட்டுவிட்டால் 110 என்ற விசை ஒரு நிலையான சுமையாகத் தொடரும்: வெளியே எவ்வளவு இழுத்தாலும் போல்ட்டில் 110தான் இருக்கும். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராது. வண்ணப்படம் அழகாக வரும். போல்ட்டின் விசை ஏறி இறங்குவதே இல்லை என்றால் சோர்வு முறிவும் இல்லை என்றாகிவிடும். எந்த இணைப்பும் இந்த மாதிரியில் நிரந்தரமாக நிலைக்கும். விறைப்பு கூடிப்போன மாதிரி போல்ட்டைத் தேவைக்கு மேல் கனமாக்கி வைக்கும், அவ்வளவுதான். பூட்டாத மாதிரியோ ஆபத்தை மறைக்கிறது. வெளிச்சுமைக் கட்டத்தில் போல்ட்டின் விசை சிறிதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தொடுகை பற்றி. தகடுகள் சந்திக்கும் பரப்பை ஒட்டிவிட்டால் கணக்கு வேகமாக முடியும். ஆனால் ஒட்டிய பரப்பு இழுவிசையையும் தாங்கும். கூம்புக்கு வெளியே பிரிய வேண்டிய தகடு பிரியாமல் நிற்கும், வழுக்க வேண்டியது வழுக்காது. பிரிவதும் வழுக்குவதும் கேள்விக்கு உட்பட்ட இடத்தில் உராய்வுள்ள தொடுகையே வேண்டும். உராய்வுக் குணகத்தை மனம்போன போக்கில் எடுக்கத் தேவையில்லை. எஃகுக் கட்டுமானத்துக்கான ஐரோப்பியத் தரநிலை பரப்பின் பதப்படுத்தலைப் பொறுத்து 0.5, 0.4, 0.3, 0.2 என நான்கு நிலைகளைத் தருகிறது. 0.4 என்றால் இந்தப் போல்ட் ஒரு பரப்பில் 44 கிலோ நியூட்டன் வரை பக்கவாட்டு விசையை வழுக்காமல் பிடிக்கும். அதன் பிறகு துளைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள 2 மி.மீ. இடைவெளியில் தகடு நகரும்.

புதிதாகச் செய்பவர்களைக் கண்கலங்க வைப்பது முதல் கட்டத்தில் கணக்கு நின்றுபோவது. எதையும் இன்னும் தொடாத போல்ட் வெளியில் மிதந்துகொண்டிருப்பதால் சமன்பாட்டுக்குத் தீர்வு கிடையாது. முன்னிறுக்கத்தில் நூறில் ஒரு பங்கை முதலில் கொடுத்துத் தொடுகையை உறுதிப்படுத்திவிட்டு, பிறகு முழு விசைக்குப் போவது நல்ல பழக்கம். படம் வரையும்போது தலைக்கும் தகட்டுக்கும் இடையே தவறி விழுந்த நூலிழை இடைவெளியும் இதே கோளாறைத் தரும். வலையைப் பொறுத்தவரை, தலைக்கு அடியிலும் தகடுகள் சந்திக்கும் பரப்பில் கூம்பின் வட்டத்துக்குள்ளும் அடர்த்தி வேண்டும்; மற்ற இடங்களில் தாராளமாக விடலாம். நான்கு கணு நான்முகக் கூறுகளை மட்டும் போல்ட் தண்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. வளைவில் அவை பொய்யாக விறைத்துக்கொள்ளும்.

பல போல்ட்டுகள் சேர்ந்தால் இறுக்கும் வரிசை முக்கியமாகிறது. முதல் போல்ட்டை 110க்கு இறுக்கிவிட்டுப் பக்கத்துப் போல்ட்டை இறுக்கினால், அந்த இடத்தில் தகடுகள் மேலும் நசுங்குகின்றன. முதல் போல்ட் தளர்கிறது. தகடுகளுக்கு நடுவே மிருதுவான கேஸ்கட் உள்ள ஃபிளாஞ்சுகளில் இந்த இழப்பு மிக அதிகம். எல்லாப் போல்ட்டுகளையும் ஒரே கட்டத்தில் இழுத்துப் பூட்டும் மாதிரியில் ஒவ்வொன்றிலும் சரியாக 110 இருக்கும். தளத்தில் குறுக்கு வரிசையில் பல சுற்று இறுக்கினால் ஏறக்குறைய அந்த நிலைக்கு வரலாம். ஒரே சுற்றில் வராது. வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி, இழு, பூட்டு, அடுத்தது என்று தளத்தில் நடப்பதையே மாதிரியிலும் செய்ய வேண்டும்.

இவ்வளவு நேரமும் 110 என்ற எண் கல்லில் பொறித்தது போல நடத்தப்பட்டது. தளத்தில் யாரும் கிலோ நியூட்டனில் இறுக்குவதில்லை. டார்க் ரென்ச்சில் நியூட்டன் மீட்டரைப் பார்த்து இறுக்குகிறார்கள். கொடுக்கும் திருப்புவிசையில் ஏறத்தாழ பாதி தலைக்கு அடியில் உள்ள உராய்வில் போகிறது, பத்தில் நாலு பங்கு மரை உராய்வில் போகிறது. போல்ட்டை நீட்டப் பயன்படுவது பத்தில் ஒரு பங்குதான். திருப்புவிசையைப் போல்ட்டின் விசையோடும் விட்டத்தோடும் இணைக்கும் காரணிக்கு வழக்கமான 0.2ஐ எடுத்தால் 110 கிலோ நியூட்டனுக்கு 352 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதே 352ஐ எண்ணெய் தடவிய மரையில் கொடுத்து, காரணி 0.15 ஆகிவிட்டால் போல்ட்டில் 147 கிலோ நியூட்டன் ஏறிவிடும். இந்தத் தரத்துக்கு உரிய சோதனைச் சுமையான 130ஐத் தாண்டி. டார்க் ரென்ச் முறையில் விசை 25 முதல் 30 விழுக்காடு கூடவோ குறையவோ வாய்ப்பு உண்டு என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணிப்பு.

இறுக்கிய பிறகு மேலும் கொஞ்சம் போகும். பரப்புகளின் நுண்ணிய மேடுகள் நசுங்கி மொத்தம் 0.01 மி.மீ. தணிந்தால், இந்த இணைப்பில் 5 கிலோ நியூட்டன் குறைகிறது. பிடிக்கப்பட்ட நீளம் குறையக் குறைய அதே 0.01 மி.மீ. பெரிய இழப்பாகும், மெல்லிய தகட்டைப் பிடிக்கும் குட்டைப் போல்ட் தளர்வதற்கு முக்கியக் காரணம் இதுவே. ஆகவே ஒரே முன்னிறுக்க எண்ணோடு ஓட்டிய மாதிரி பாதி வேலைதான். குறைந்த விசையில் ஒருமுறை ஓட்டிப் பிரிதல், வழுக்கல், சோர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதிக விசையில் ஒருமுறை ஓட்டிப் போல்ட்டின் வலிமையையும் தலைக்கு அடியில் உள்ள நசுக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்னிழுப்பு வெட்டு முறையில் ஒரு குறையும் உண்டு. நட்டை முறுக்குவதால் தண்டில் உண்டாகும் முறுக்குத் தகைவு அதில் வருவதில்லை. இறுக்கும் வேளையில் போல்ட் தாங்குமா என்ற கேள்விக்கு அதைக் கையால் சேர்க்க வேண்டும்.

சுமை போல்ட்டின் அச்சில் வராத இணைப்புகளில் மாதிரியின் அருமை தெரியும். முப்பந்தல் பக்கம் நிற்கும் உருளை வடிவக் காற்றாலைக் கோபுரங்களைப் போன்றவற்றில், கோபுரத்தின் பகுதிகள் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் வளைய ஃபிளாஞ்சுகளால் இணைக்கப்படுகின்றன. குறுக்கே வெட்டினால் வடிவம் ஆங்கில எல் எழுத்தைப் போலிருக்கும்: இழுவிசை கோபுரச் சுவரில், போல்ட் அதிலிருந்து சில அங்குலம் உள்ளே. காற்று வீசும் பக்கத்துச் சுவர் இழுக்கப்படும்போது ஃபிளாஞ்சின் வெளி விளிம்பு திறக்கிறது. அழுத்தம் உள் விளிம்பை நோக்கி நகர்கிறது. போல்ட் நடுவில் மாட்டிக்கொண்டு நெம்புகோல் விசைக்கு ஆளாகிறது. ஒரு போல்ட்டுக்கு உரிய வளையத் துண்டை மட்டும், பக்கச் சமச்சீரோடு வரைந்தால் மாதிரி கைக்கு அடக்கமாக இருக்கும்.

அதில் சுவரின் விசையைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் போல்ட்டின் விசையைக் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கிறது. தொடக்கத்தில் கோடு ஏறக்குறையத் தட்டை. திறப்பு தொடங்கும் இடத்தில் மேலே வளைகிறது. பிறகு நெம்புகோலின் சாய்வில் நேராக ஏறுகிறது. ஷ்மிட்டும் நொய்ப்பரும் 1997இல் இதை மூன்று நேர்கோடுகளால் சொல்லும் எளிய முறையை வெளியிட்டார்கள். காற்றாலைத் துறையில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முழு மாதிரி அதற்கு மேல் தரும் முக்கியமான செய்தி ஒன்று. ஃபிளாஞ்சுகள் முழுச் சமதளமாக உருவாவதில்லை. வெளி விளிம்பில் சிறு இடைவெளி இருந்துவிட்டால், முன்னிறுக்கத்தின் ஒரு பங்கு அதை மூடுவதிலேயே செலவாகிவிடும்; தட்டையாக இருக்க வேண்டிய தொடக்கப் பகுதி ஆரம்பத்திலிருந்தே சாயும். அன்றாடக் காற்று இணைப்பை நிறுத்தி வைத்திருப்பது இந்தத் தொடக்கப் பகுதியில்தான் என்பதால் சோர்வுக் கணக்கு தலைகீழாக மாறும். சுவரில் இழுவை மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்துவதும் போதாது. கோபுரம் ஆடும்போது அதே சுவர் அழுத்தத்துக்கும் உள்ளாகிறது. போல்ட்டின் விசை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதற்கு இரு பக்கமும் வேண்டும்.

முடிவுகளைப் படிக்கும்போது கண்ணைக் கவர்வது தலைக்கு அடியில் உள்ள சிவப்புப் புள்ளி. மாதிரியில் அந்த மூலை கூர்மையாக வரையப்பட்டிருந்தால், வலையை எவ்வளவு நெருக்கினாலும் அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்கு எல்லையும் இல்லை, பொருளும் இல்லை. போல்ட்டிலிருந்து எடுக்க வேண்டியவை வெட்டு முகத்தின் இழுவிசையும் திருப்புத்திறனும். அவற்றை 157 சதுர மி.மீ. என்ற பெயரளவுப் பரப்பில் போட்டுத் தகைவாக்கி, தரநிலை தரும் எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஏனெனில் அந்த எல்லைகள் உண்மையான மரையுள்ள போல்ட்டுகளைச் சோதித்துப் பெற்றவை. மரையடியின் தகைவுக் குவிப்பு அவற்றில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

உருட்டி மரை ஏற்றிப் பிறகு வெப்பப் பதம் செய்த போல்ட்டுக்கு வி.டி.ஐ. தரும் சோர்வு எல்லை எளிது: 150ஐ விட்டத்தால் வகுத்து, 45ஐக் கூட்டி, 0.85ஆல் பெருக்க வேண்டும். எம்16க்கு 46 மெகா பாஸ்கல் வீச்சு, அதாவது மொத்த ஏற்ற இறக்கத்தில் பாதி. 1000 மெகா பாஸ்கல் தாங்கும் எஃகு, ஆட்டத்தில் 46க்கு மேல் தாங்காது. தரத்தை 8.8இலிருந்து 10.9க்கோ 12.9க்கோ உயர்த்தினாலும் இந்த எண் உயராது. வலிமையான போல்ட்டின் நன்மை அதைக் கூடுதலாக இறுக்கலாம் என்பது மட்டுமே. முன்பு பார்த்த 40 கிலோ நியூட்டன் சுமை வந்து போவதில் போல்ட்டின் வீச்சு 19 மெகா பாஸ்கல். அதோடு வெறும் 10 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறனும் ஏறி இறங்கினால் இன்னொரு 18 சேரும். கையால் ஒரு ஸ்பேனரை மெல்லத் தள்ளும் அளவுள்ள வளைவு, 40 கிலோ நியூட்டன் இழுவைக்குச் சமமான சேதத்தைக் கொண்டுவருகிறது. இழுவிசையை மட்டும் படித்து வளைவை விட்டுவிடும் அறிக்கைகள் ஏராளம்.

இனி மரை. நட்டுக்குள் உள்ள மரைகள் சுமையைச் சமமாகப் பகிர்வதில்லை. தகட்டை ஒட்டிய முதல் மரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஆய்வாளர்கள் குடியர் 1940இலும் சோப்வித் 1948இலும் இதைக் காட்டினார்கள், பொறியியலில் கணினிகள் பரவுமுன்பே. நட்டின் வடிவத்தை மாற்றும் வடிவமைப்பாளருக்கு, மரையை வளையங்களாக வரைந்த அச்சுச் சமச்சீர் மாதிரி இதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். மரையின் சுருள் தேவைப்படுவது போல்ட் தானாகக் கழல்வதை ஆராயும்போது. யுங்கர் 1969இல் காட்டியபடி, போல்ட்டை வேகமாகக் கழற்றுவது அச்சுவழி அதிர்வைவிடக் குறுக்குவாட்டில் வரும் அதிர்வு. பரப்புகள் மாறி மாறி வழுக்கும்போது நட்டு சிறிது சிறிதாகத் திரும்புகிறது. வளையங்களாக வரைந்த மரையில் திரும்பி இறங்க வழியில்லை. ஃபுக்குவோக்காவும் நொமுராவும் 2008இல் வெளியிட்ட முறை, சுருள் மரைக்கு ஒழுங்கான வலையை உருவாக்கும் வழியைத் தந்தது. ஒரு போல்ட்டுக்கே பல்லாயிரம் கூறுகளும் நீண்ட ஓட்டமும் ஆகும் என்பதால் இதைத் தேவையில்லாமல் எடுப்பது காலவிரயம்.

மாதிரியைச் சோதிக்க ஒற்றைப் போல்ட், இரண்டு தகடுகள் கொண்ட சிறு மாதிரியே போதும். அதில் முன்னிறுக்கம் மட்டும் செலுத்திப் போல்ட்டின் நீட்சியையும் தகடுகளின் நசுக்கத்தையும் படிக்க வேண்டும். கைக்கணக்கின் 0.186, 0.032 ஆகியவற்றிலிருந்து பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரிய கட்டமைப்புக்கு அதே அமைப்பை எடுத்துச் செல்லலாம். அதைவிட விலகினால் பெரும்பாலும் நட்டு ஒட்டிய நீளத்திலோ ஸ்பைடரிலோ குறை இருக்கும். தளத்தில் ஒப்பிட இரண்டு வழிகள் உண்டு. தண்டுக்குள் திரிபுமானி பதித்த போல்ட் விசையை நேராகச் சொல்லும். மீயொலி முறையில் ஒலித்துடிப்பு தலையிலிருந்து முனைக்குப் போய்த் திரும்பும் நேரத்தை இறுக்குமுன்பும் பின்பும் அளப்பார்கள். நேரம் கூடுவதில் ஒரு பங்கே நீட்சியால் வருவது. இழுக்கப்பட்ட எஃகில் ஒலியின் வேகமும் குறைவதால் மீதி வருகிறது. அதே வகைப் போல்ட்டைச் சோதனை எந்திரத்தில் இழுத்து இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மீயொலி முறை தலைக்குள்ளும் நட்டுக்குள்ளும் நடக்கும் நீட்சியையும் சேர்த்தே அளக்கிறது. ஆகவே மாதிரியிலும் தலையின் மேல்முகத்திலிருந்து முனை வரையுள்ள மொத்த நீட்சியை எடுத்து ஒப்பிட வேண்டும். பிடிக்கப்பட்ட 40 மி.மீ.யின் நீட்சியை மட்டும் எடுத்தால் இரண்டும் பொருந்தாது.